எம்.எல்.ஏ.வுக்குக் காய்ச்சல்

பால்துரை மறுபடியும் போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கினான். எம்.எல்.ஏ. ஜெயஷீலாவுக்குச் சுருக்கென்றது. தேர்தலுக்கு முன்பிருந்தே கூட இருக்கிற உதவியாளன். அவள் எதிரில் பேச முடியாத அப்படி என்ன பேச்சு?

நாளைக் காலை சட்டமன்றத்தில் அவளுடைய கேள்வி வருகிறது. மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில், அலையைத் தடுக்க அரசு கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு முதல் கச்சான் காற்றுக்கே சரிந்துவிட்டது. சரிந்த கல்லில் வள்ளம் மோதி அந்த ஊர் மீனவன் ஆன்டனிக்கு ஒரு கால் போயிற்று. காண்டிராக்டர் அமைச்சருக்கு வேண்டியவர் என்று ஊருக்கே தெரியும். சபையில் கேட்கத்தான் ஆள் இல்லை. ஆன்டனியின் அண்ணன் இனிகோவிடம், "நான் கேக்கேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கேள்வி எண்ணைக் கூப்பிடும்போது கேட்டவர் இருக்கையில் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சபை அடுத்த கேள்விக்குப் போய்விடும். அமைச்சர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் அவளுக்கு எல்லார் மேலும் சந்தேகம். டிரைவர் பிரேக் சரியில்லை என்கிறான். கட்சிக்காரர் அய்யாக்குட்டி, நாளைக்குப் பேத்தி காதுகுத்துக்கு வந்தே தீரவேண்டும் என்று காலில் விழாத குறை. எல்லாரையும் விலைக்கு வாங்கிவிட்டார்களோ, பாவிகள்!

சென்னை ரயிலுக்குக் கிளம்பும்போது டிக்கெட்டைக் கேட்டாள். பால்துரை தலையைச் சொறிந்தான்.

"கேன்சல் பண்ணிட்டேன், மேடம்."

"எவன்கிட்டலே கை நீட்டுன?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அந்தக் காண்டிராக்டருக்குக் கல்லு குடுத்தது நம்ம எஸ்றா அண்ணாச்சிதான் மேடம். சித்தப்பா மவன் பேர்ல குவாரி நடத்துதாவ. பாதிக் கல்லுகூட கடல்ல எறங்கல. நாளைக்கு நீங்க கேட்டா அமைச்சரு ஒங்க வீட்டுக்காரரு பேரத்தான் சொல்லுவாரு. காலையிலருந்து அண்ணாச்சிதான் போன் போட்டு நச்சரிக்காவ."

ஜெயஷீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குவாரி சித்தப்பா மகனுடைய தொழில் என்று கணவன் எஸ்றா சொன்னபோது அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு வீட்டுக்குள் கேட்க ஒரு கேள்வியும் தோன்றாமல் போயிற்றே! அவமானமாக இருந்தது.

"அண்ணாச்சிக்குத் தெரியாம வேற டிக்கெட்டும் போட்டு வச்சிருக்கேன்" என்றான் பால்துரை. "போறதும் இருக்கதும் ஒங்க இஷ்டம்."

அவள் கேள்வித்தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"காய்ச்சல்னு சொல்லிரு" என்றாள் கடைசியில்.

செய்தி கடற்கரைக்குப் போய்ச்சேர அதிக நேரமாகவில்லை. இனிகோ கூப்பிட்டான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒங்களுக்கு முடியலன்னு சொன்னாவ. கேள்வி கெடக்கு, ஒடம்பப் பாருங்க. நாளைக்கு டிவியில ஒங்களப் பாக்கணும்னு ஊர்ல யாரும் கடலுக்குப் போகல. இப்ப எல்லாரும் கோயில்ல ஒங்களுக்காகச் செபமாலை சொல்லிக்கிட்டு இருக்கோம். ஆன்டனியும் கம்ப ஊனிக்கிட்டு வந்து முன்னால நிக்கான். காய்ச்சல் ரொம்பவாக்கா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாப்பா" என்று சொல்லி, ஜெயஷீலா இருமினாள்.