யாமத்துறையின் விடியல்

1

யாமத்துறையில் சூரியன் எந்தத் திசையில் உதிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எங்கும் எழுதி வைக்கப்பட்டதுமில்லை. ஆயினும் அவ்வூரில் நடமாடிய மூவரும் ஓராண்டுக்கு மேலாக அவ்விதியை வழுவாமல் காத்துவந்தனர்.

இக்கதை பிறந்த விதத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புனைவில் இடம் எவ்வாறு உருவாகிறது என்பது குறித்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டு வேண்டி, நீரஜா என்றொரு பெண்ணையும், ஒரு விளையாட்டுக்காக அவள் கற்பனை செய்த யாமத்துறை என்னும் ஊரையும் மூன்றாம் அடிக்குறிப்பில் வைத்தேன். அடிக்குறிப்பு வளர்ந்தது. பக்கத்தின் மேற்பகுதியில் வீற்றிருந்த கட்டுரை சுருங்கிச் சுருங்கி ஒரு வரியாகி, பின்பு அந்த வரியும் தன் இடத்தைக் காலி செய்துகொண்டு போயிற்று. நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருப்பது அந்த அடிக்குறிப்பை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1997ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மயிலாப்பூர்ச் சித்திரக்குளத்தை ஒட்டிய ஒரு மாடியறையில், காற்றில் மிதந்து வந்த —"

(நிறுத்திவிட்டேன். மயிலாப்பூர் என்று எழுதியவுடன் காற்றில் ஏதேனும் மிதந்தே தீர வேண்டும் என்று நம் உரைநடைக்கு யார் கட்டளையிட்டார்கள்?)

இரண்டாவது தொடக்கம்: "நீரஜாவுக்குச் சென்னை பிடிக்காது." இது பொய். அவளுக்குச் சென்னை மிகவும் பிடிக்கும். தான் படைக்கும் ஊருக்குள் அது நுழைவதைத்தான் அவள் விரும்பவில்லை. ஆகவே மூன்றாவது தொடக்கத்தையே தேர்ந்தேன்: அவள் ஒரு சார்ட் தாளை விரித்து, அதன் இடப்பக்கம் முழுவதற்கும் நீல வண்ணம் தீட்டினாள். அதாவது, கடலை மேற்கே வைத்தாள். "இந்த ஊர் மெட்ராஸ் இல்லே, ஆமா," என்று எதிரில் இருந்தவர்களிடம் அறிவித்தாள்.

எதிரில் இருந்தவர்கள் இருவர். ஒருவன் தி.நகரில் வசிக்கும் அவளுடைய அத்தை மகன் ஸ்ரீவத்சன். மற்றவன் அவளோடு கல்லூரியில் படித்த தௌஃபீக், ராயப்பேட்டைக்காரன்.

3

விளையாட்டை அறியாதவர்களுக்காக: ஒருவர் ஊரைப் படைத்து அங்கு நிகழ்வதைச் சொல்வார். மற்றவர்கள் அவ்வூரில் ஆளுக்கொரு வேடம் ஏற்று, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். விதிநூல், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஸ்ரீவத்சனின் அண்ணன் விட்டுச் சென்றது. அந்நூல் கேட்ட இருபது முகப் பகடை மயிலாப்பூரில் கிடைக்கவில்லை. நீரஜா வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைகள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டன.

யாமத்துறையைச் சற்றுச் சுற்றிப் பார்த்துவிடலாம். நடுவில் ஓயாச் சந்தை. ஒரே தெரு, நுழைந்தவன் தன் கால்களால் நடப்பதில்லை, கூட்டம் அவனை நடத்திக் கொண்டுபோய் மறுமுனையில் விடும். விற்பவர்கள் பூதங்கள். தெற்கே, ஆற்றங்கரையில், ஆண்டுக்கொரு முறை ஓரடி நகரும் ஆலமரம். அதன் விழுதுகளுக்கிடையே வாழும் துறவிகள் எந்த மதத்தையும் மறுப்பதில்லை. வடக்கே பாடகர் குளம். இறந்த பாடகர்கள் அதன் படிகளில் அமர்ந்து, உயிரோடிருப்பவர்களின் தாளத்தில் குற்றம் கண்டுபிடிப்பார்கள்.

"இது நம்ம ரங்கநாதன் தெரு தான?" என்று சந்தைக்குள் முதன்முறை நுழைந்த தௌஃபீக் கேட்டான்.

"இல்லே. இது பூதங்களோட சந்தை."

"அங்க மட்டும் இன்னா, மனுசனா விக்கிறான்?"

நீரஜா கோபித்துக்கொண்டாள். (வாசகரே, நீங்களும் ஆலமரத்தை அடையாறு என்று அடையாளம் கண்டிருப்பீர்கள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

4

பிழை முதல் நாளிலேயே நிகழ்ந்தது. தௌஃபீக்கின் வேடம், துறைமுக மதிலைக் காக்கும் வில்லாளிகளின் தலைவன். விளையாட்டில் அவன் பேசிய முதல் வாக்கியம் இது: "காலைல எந்திரிச்சி மதில் மேல நிக்கறேன். சூரியன் கடல்லேர்ந்து பொத்துக்கினு மேல வருது."

மேற்குக் கடலிலிருந்து. பிறந்தது முதல் மெரினாவில் விடியல் பார்த்தவனுக்குக் கடல் என்றால் அதிலிருந்து சூரியன் வர வேண்டும், திசை பிறகு. நீரஜா திருத்தியிருக்கலாம். ஆனால் அவளும் அதே கரையில் வளர்ந்தவள். "செக்கச்செவேல்னு இருக்கு. அலையெல்லாம் செப்புத் தகடாட்டம் மின்னறது," என்று தொடர்ந்தாள். அன்றிரவு படத்தைச் சுருட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் கடலை நோக்கி விடியல் மண்டபம் எழுந்தது. தௌஃபீக்கின் தலைவன் அங்கே உதயத்தை நோக்கி நின்று ஒரு படகோட்டியின் மகளை மணந்தான். ஸ்ரீவத்சன் ஏற்ற ஆலமரத்துத் துறவி தினமும் விடியலில் கடலைப் பார்த்து அர்க்கியம் விட்டான். சார்ட் தாளின் மூலையில் நீரஜா வரைந்திருந்த திசைகாட்டியின் மேல் யாரோ ஒரு நாள் முறுக்குத் தட்டை வைத்தார்கள். அதுமுதல் தட்டுக்கு அதுவே இடம் என்றாயிற்று.

(ஸ்ரீவத்சனை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். விதிநூலை மனப்பாடம் செய்தவன் ஓராண்டு வாய் மூடியிருப்பான் என்பதை நம்புவது கடினம். ஆனால் அடுத்த பகுதியில் அவன் செய்யும் ஒரு காரியத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இருக்கட்டும்.)

5

"விடிகாலை," என்றாள் நீரஜா, ஓராண்டு கழிந்த ஒரு ஞாயிறன்று. "கடல்ல பாய்மரம் தெரியறது. கண்ணுக்கெட்டின மட்டும் கப்பல். தீப்பந்தம் ஏத்திண்டு நேரா துறைமுகத்தைப் பார்த்து வரா."

"வரட்டும் நைனா. நம்ம ஆளுங்கோ மதில் மேல ரெடியா கீறாங்க. கிட்ட வந்தவுடனே வுடறோம் அம்பு."

"வெயில் கண்ணுல —" என்று தொடங்கிய ஸ்ரீவத்சன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூவருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. எதிர்வெயிலில் எய்பவனுக்குப் பன்னிரண்டு விழுந்தாலொழிய அம்பு தைக்காது என்பது அவர்களே வகுத்த விதி. சூரியன் கடலிலிருந்து எழுந்தால் கூசப்போவது மதில்மேல் நிற்கும் வில்லாளிகளின் கண்கள். துறைமுகம் எரியும், படகோட்டிகளின் தெருவும் விடியல் மண்டபமும் அதோடு போகும். படத்தில் உள்ளபடி சூரியன் கிழக்கே, ஊருக்குப் பின்னால் எழுந்தால் கூசப்போவது கப்பல்காரர்களின் கண்கள். ஊர் பிழைக்கும். கப்பல்கள் விடிகாலையில் வரட்டும் என்று யோசியாமல் சொன்னவள் நீரஜா. தானே கட்டிய சுவரை இடிக்கத் தானே ஆளனுப்பியவளைப் போல அவள் தாயக்கட்டைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீவத்சன் ஒரு முறுக்கை எடுத்தான். பிறகு மிகச் சாதாரணமாகத் தட்டையே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். திசைகாட்டி வெளியே வந்தது.

"இன்னாடா, மொத்தத்தையும் நீயே துன்னுவியா?" தௌஃபீக் தட்டைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"உன் துறைமுகம்டா மண்டு. உனக்காகத்தான் பண்றேன்."

"எனக்காக நீ ஒண்ணும் கிழிக்க வாணாம்."

6

முடிவுகளை அடுக்கிப் பார்த்தேன்.

ஒன்று: நீரஜா படத்திலுள்ள திசைகாட்டியைச் சுட்டிக்காட்டுகிறாள். ஊர் பிழைக்கிறது, அதுவரை அவ்வூரில் விடிந்த காலைகள் அனைத்தும் பொய்யாகின்றன. திறனாய்வாளனாக இதில் எனக்கு ஆர்வமுண்டு. படம் படைத்தவளுடையது, காலைகள் வாழ்ந்தவர்களுடையவை. எது செல்லும்?

இரண்டு: திடீரென்று புயலடித்துக் கப்பல்கள் — (அடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.)

மூன்று: கீழிருந்து நீரஜாவின் அம்மா காபிக்குக் கூப்பிடுகிறாள், போர் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகிறது. இதுவே நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது. ஆனால் நீரஜாவை அப்படித் தப்பவிட எனக்கு மனமில்லை.

அவளுடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தெருக்களை அவள் ஒவ்வொன்றாகக் கட்டியவள். அவை எரிவதை அவள் வாயாலேயே சொல்லியாக வேண்டும். கடல் மேற்கே என்ற ஒரே வாக்கியம் அவற்றைக் காப்பாற்றும். அந்த வாக்கியம், கடலை எங்கு வைத்தாலும் தன் ஊரில் சென்னையின் சூரியனே உதித்தது என்ற ஒப்புதலும் ஆகும். ஊரா, தன்மானமா என்ற கேள்விக்கு அவளிடம் விடை இருந்தது. தன்மானம் போகட்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள். தௌஃபீக் வாழ்ந்த காலைகளை அவனிடமிருந்து பறிக்கலாமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

7

கட்டைகள் எப்படி விழுந்தன என்பதை எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி இருக்கும்; நீங்களே உருட்டிக்கொள்ளுங்கள். உருட்டும் முன் நடந்ததை மட்டும் சொல்லி விலகுகிறேன்.

நீரஜா படத்தின் மேல் குனிந்து, "இதோ பாருங்கோ, கடல் வந்து —" என்று தொடங்கினாள்.

தௌஃபீக் கையை நீட்டித் தடுத்தான்.

"நிறுத்து நீரஜா. நீ இன்னா சொல்ல வரேன்னு தெரியும், வாணாம். நம்ம ஊர்ல சூரியன் மேக்காலதான் உதிக்கும். வேற எந்த ஊர்லயும் அப்டி கெடையாது, இங்கதான் கீது. ஒரு வருசமா டெய்லி மதில் மேல நின்னு பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? துறைமுகம் எரிஞ்சா மறுபடி கட்டிக்கலாம். எம்மா, இன்னா வெயிலு, கண்ணு கூசுது. நீ கட்டைய உருட்டு."