ஓட்டையில்லாத வீடு

குனார் ஹாக்லண்ட் கட்டிய வீட்டில் ஓட்டை கிடையாது. வடக்கு மினசோட்டாவில், விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்துபோகும் குளிரில், இது சாதாரணப் பெருமை இல்லை. வாசல் கதவைக்கூட நார்வேக்காரர்கள் போல வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தார். வெளிக்காற்று அழுத்த அழுத்த இறுகிக்கொள்ளும். காற்றுக் கசிவைச் சோதிக்க வந்தவர்கள், கருவிதான் பழுதோ என்று இரண்டாம் தடவை வைத்துப் பார்த்தார்களாம். இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் யாருக்கும் காபி ஊற்றியதில்லை.

அந்த வீட்டுக்குள்தான் அவர் மனைவி லவோன் மாட்டிக்கொண்டிருந்தாள். அக்டோபர் வந்தால் ஜன்னல்களுக்கு டேப் ஒட்டிவிடுவார். அதன்பின் வசந்தம்வரை நேற்றுப் பொரித்த மீன், முந்தாநாள் வதக்கிய வெங்காயம் எல்லாம் அவளோடு குடித்தனம் நடத்தும். வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை. "எண்ணெய் வாடை தலையிலேயே தங்கிடுது, குனார்."

அதற்குப் பரிகாரமாகத்தான் அவள் பிறந்தநாளுக்கு அந்த ராட்சசன் வந்து இறங்கியது. மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து வாங்கிவந்து, அடுப்புக்கு மேலே அவரே மாட்டிய புகை உறிஞ்சி. போட்டால் விமானம் கிளம்புகிற சத்தம்.

உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? ஓட்டையில்லாத வீட்டில் ஒரே வழிதான் மிச்சம். கூடத்து விறகுக் கணப்பின் புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகை அந்த வழியாகத் தலைகீழாக இறங்கி வரும். போன வெள்ளிக்கிழமை தனியாக மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது லவோனுக்குத் தலை கனத்தது, கால் துவண்டது. தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கணப்பின் கதவிடுக்கில் புகை ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே வாசல்வரை தவழ்ந்து போய், கதவோரத்து ஸ்விட்சை எட்டி உறிஞ்சியின் விசிறியை அணைத்தாள். நச்சுக்காற்று வந்தால் அலற வேண்டிய பெட்டி சுவரில் சும்மா இருந்தது. தொட்டதற்கெல்லாம் கத்துகிறது என்று குனார் அதன் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார்.

கொட்டகையிலிருந்து வந்தவரிடம் நடந்ததைச் சொன்னாள். "புகையா? நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே" என்றார் குனார். பொய் சொல்கிற மனுஷர் இல்லை. அவர் உண்மையிலேயே பார்த்ததில்லை. இந்த வசந்தத்தைப் பார்க்க உயிரோடு இருப்போமா என்று லவோனுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வெண்டெல் வந்தான். கட்டட விதிகளைச் சரிபார்க்கும் ஆய்வாளன், பக்கத்துத் தெருக்காரன். காபியை இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி, மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கத்து மரியாதை அது. உறிஞ்சியை அண்ணாந்து பார்த்தான்.

"வித்தியாசமாத்தான் இருக்கு" என்றான்.

அங்கே இதைவிடக் கடுமையாக ஒருவரும் திட்டுவதில்லை. குனாருக்கு முகம் சுண்டியது.

"இவ்வளவு பெரிசு மாட்டினா, காத்து உள்ள வர்றதுக்குச் சுவத்துல தனியா வழி வைக்கணும், குனார். விதி அப்படி."

"சுவத்துல ஓட்டையா? என் சுவத்துலயா? அதுக்கு நீ என் பல்லைப் பிடுங்கிக்கிட்டுப் போ."

வெண்டெல் அவளிடம் திரும்பினான். "லவோன், உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"பரவாயில்லை" என்றாள். விருந்தாளி முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"நிஜமாவா?"

"இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டுத் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள். உயிர் போகிற விஷயத்துக்கும் இதே பதில்தானா?

"சரி, அப்ப" என்று குனார் முழங்காலில் தட்டினார். விடைபெறும் படலம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "போட்டே காட்டறேன், உன் கண்ணாலயே பாரு." ஒரு கையால் விசிறியைத் தட்டிவிட்டு, மறுகையால் வாசல் கதவைத் திறந்துவிட்டார். திறந்த வாசலில் நின்று இரண்டு பேரும் உறைந்த ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு கனம், அது உடைந்து யாருடைய வண்டி உள்ளே போச்சு என்று பேசத் தொடங்கினார்கள். கோட்டு மாட்டியபின் அரைமணி நேரமாவது பேசாமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாகிவிடும்.

கணப்பில் புகை சமர்த்தாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா, என்ன குறைச்சல்?" என்றார் குனார்.

லவோனுக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் ஆள் இருந்து விசிறி ஓடும்போதெல்லாம் இவர் யாரையாவது வழியனுப்பிக்கொண்டு வாசலில்தான் நிற்கிறார். கதவு திறந்தே கிடக்கிறது. அவள் தனியாக இருக்கும்போதுதான் வீடு இறுகுகிறது.

வெண்டெல் தொப்பியைக் காதுவரை இழுத்தான். போகிறவன் நின்று, அவள் முகத்தைப் பார்த்தான். "லவோன், மறுபடியும் கேக்கறேன். உங்களுக்குப் பரவாயில்லையா?"

மூன்றாம் முறை.

லவோன் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குனாரையும் இழுத்தாள். கதவை அடித்துச் சாத்தினாள். விருந்தாளி போய்க்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்தியவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

"என்ன செய்யறே நீ?" என்றார் குனார்.

உறிஞ்சியின் ஓசை மாறி, முக்க ஆரம்பித்தது. குளியலறைக் கதவு தானாகப் படாரென்று சாத்திக்கொண்டது. கணப்பில் தீ ஒருமுறை குனிந்தது. கதவிடுக்கிலிருந்து சாம்பல் நிறப் புகை கம்பளத்தின்மேல் இறங்கி, அவர்கள் காலடிக்கு வந்தது. வெண்டெல் இருமினான். குனார் வாசல் கதவைத் தள்ளினார். அசையவில்லை. இடுப்பு வலியோடு தோளைக் கொடுத்து முட்டினார். அவர் வைத்த கதவு சொன்னபடியே இறுகியிருந்தது.

"லவோன், விசிறியை அணை."

ஸ்விட்சுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். "பரவாயில்லை" என்றாள்.

"அணைம்மா, மூச்சு முட்டுது."

"இதைவிட மோசமா இருந்திருக்கலாம். போன வெள்ளிக்கிழமை இருந்துது. நான் தரையில கிடந்தேன்."

குனார் அவளைப் பார்த்தார். கணப்பைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. புகையினால் மட்டும் என்று சொல்ல முடியாது.

"எங்க வேணும்னு சொல்லு, ஓட்டை போட்டுடறேன்" என்றார் மூன்றாவதாக.

லவோன் அவர் சட்டைப்பையில் இருந்த தச்சுப் பென்சிலை உருவினாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், அவர் இழைத்து இழைத்துப் பூசிய வெள்ளைச் சுவரில், தன் தலை நுழையும் அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள். அதன்பிறகுதான் விசிறியை அணைத்தாள்.