கோல்பி எடுத்துவைத்த இருக்கைகள்

அது ஆறாவது இன்னிங்ஸா, ஏழாவதா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. நான் ஒரு தடவைதான் கத்தினேன் என்று ஞாபகம். மூன்று தடவை என்கிறாள் என் மனைவி லோரீன். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

அதற்கு முந்தைய கோடை முழுவதும் கோல்பி எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தான். எங்கள் ஊர் பேஸ்பால் அணி சின்ன லீகில் ஆடுவது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் சொற்பம் என்பதால் ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். கோல்பி ஓக்லஹோமாக்காரன். இருபத்திரண்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம். இருட்டில் அவனுக்குத் தூக்கம் வராது. லோரீன் படிக்கட்டு விளக்கை விடியும்வரை அணைக்காமல் விடுவாள். அதைப் பற்றி நாங்கள் மூவரும் ஒருநாளும் பேசியதில்லை.

மறுவருடம் அவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஜூலையில் அந்த அணி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. முந்தின நாள் லோரீனுக்குப் போன் செய்தான்.

"லோரீன் அம்மா, உங்க ரெண்டு பேர் பேரையும் கேட்ல சொல்லிவச்சிருக்கேன். மூணாவது வரிசை. இந்த வாரமும் நான் அடிக்கலேன்னா மூட்டையைக் கட்டச் சொல்லிருவாங்க. நீங்க வந்து உக்காந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் நல்ல வெயில். லோரீன் அவனுக்காகச் செய்த வாழைப்பழ ரொட்டியைத் தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். எங்களுக்குப் பின்வரிசையில் டுவேனும் இன்னும் நாலு பேரும். எல்லாரும் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். பதினெட்டு வருடம் அவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன். என்னிடமிருந்து அவர்கள் ஒரு வார்த்தையும் எதிர்பார்ப்பதில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணியில் ஒருவனை முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். அவன் மூன்று பந்தைத் தவறவிட்டு வெளியேறினால் கால் மணி நேரத்துக்குப் பீர் பாதி விலை. அவன் ஆட வரும்போதெல்லாம் ஊரே எழுந்து நிற்கும். அன்றைக்கு ஒலிபெருக்கியில் வந்த பெயர் கோல்பி. லோரீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு தடவை தப்பித்தான். ஆனால் எதையும் சரியாக அடிக்கவில்லை. மூன்றாவது தடவை இரண்டு பந்துகளைத் தவறவிட்டான். இன்னும் ஒன்றுதான்.

"டேய் வெண்டல்," என்றான் டுவேன். "உன் வீட்டுச் சோறு தின்னவன்தானடா இவன்? தொண்டை காயுது, ஏதாவது எடுத்துவிடேன்."

"யாரு, இவனா?" என்றான் இன்னொருவன். "இவன் வாயத் தொறக்கறதுக்குள்ள பீருக்கே வயசாயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பந்து வீசுகிறவன் குனிந்தான். கூட்டம் ஒரு கணம் அடங்கியது. அந்த அமைதியில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"கோல்பி! படிக்கட்டு லைட்டைப் போட்டு வைக்கட்டுமாடா? இருட்டுன்னா உனக்குப் பயமாச்சே!"

இப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை சம்பாதித்ததில்லை. கோல்பி கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினான். தேடவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. நேராக மூன்றாவது வரிசையைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. குரல் யாருடையது என்று சரிபார்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அடுத்த பந்துக்கு மட்டையைச் சுற்றினான். பந்து மட்டையில் படாமல் பின்னால் போயிற்று. பாதி விலைப் பீருக்குச் சங்கு ஊதினார்கள்.

டுவேன் எனக்கும் ஒரு பீர் வாங்கிவந்து முதுகில் தட்டினான். "ஊமைன்னு நெனச்சேன்டா உன்னை!"

நான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை.

"அவன் இங்க பாத்தான், வெண்டல்," என்றாள் லோரீன்.

"எல்லாரும்தான் கத்தறாங்க."

அவள் மடியிலிருந்த ரொட்டியின் தாளை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

ஆட்டம் முடிந்ததும் கம்பித் தடுப்பருகே அவனுக்காக நின்றோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவனோடு வந்த அவன் அணிக்காரன் ஒருவன் போன் டார்ச்சைப் போட்டு அவன் காலடியில் அடித்தான். "பாத்து வாடா, இருட்டு!" கோல்பியும் சிரித்தான். லோரீனிடமிருந்து ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "தேங்க்ஸ், லோரீன் அம்மா."

"நல்லா ஆடினடா," என்றேன்.

"வந்ததுக்கு தேங்க்ஸ், சார்."

ஒரு கோடை முழுவதும் என்னை வெண்டல் என்று கூப்பிட்டவன்.

புதன்கிழமை அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று வாரமாகவே அவன் சரியாக ஆடவில்லை. என் கத்தலால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சமாதானம் எனக்கு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கோல்பி இப்போது துல்சாவில் வீட்டுக்கூரை போடும் வேலை செய்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை வருகிறது, லோரீன் பெயருக்கு மட்டும். டுவேன் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போய்விட்டான். லோரீன் அதற்குப் பிறகு யாரையும் வீட்டில் தங்கவைக்கச் சம்மதிக்கவில்லை. நான் இன்னும் ஆட்டம் பார்க்கப் போகிறேன், தனியாக.