கதவு இல்லாத பிளான்

காவிரி பாயும் ஜில்லாக்களில் பென்சில் காலம் முடிந்துவிட்டது, முடித்துவைத்தவன் பரிதி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், மாடியிலிருக்கும் கட்டட வரைபட அலுவலகத்தில், இதை அவனே பலமுறை அறிவித்திருக்கிறான்.

பக்கத்து மேசை பர்வின் மட்டும் இன்னும் பென்சில் சீவினாள்.

“மேடம், மியூசியத்துலேர்ந்து ஆள் வந்தா உங்களையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“ஏசி ரூம்ல வைப்பாங்கல்ல? இங்க ஃபேனே சுத்தல.”

அன்று பரிதிக்குக் கிண்டலில் மனம் நிற்கவில்லை. துபாயில் காண்ட்ராக்ட் கம்பெனி நடத்தும் லியாகத் அலி, அய்யம்பேட்டையில் தான் கட்டப்போகும் வீட்டை இன்று ஸ்கைப்பில் பார்க்கிறார். பிடித்தால் பரிதிக்கு விசா. பாஸ்போர்ட்டைக் காலையிலேயே பையில் போட்டு வந்திருந்தான், ஸ்கைப் வழியாகவே முத்திரை குத்துவார்கள் என்பதுபோல.

கணினிக்குள் முப்பரிமாணத்தில் வீடு அம்சமாக நின்றது. தரைத்தள பிளானைத் திறந்தால் மட்டும் ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வாசற்கதவும் இல்லை. லியாகத் அலி குடும்பத்தோடு உள்ளே போக வழியில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தால் வெளியே வரவும் வழியில்லை.

மறைத்தவற்றைக் காட்டு என்று கணினிக்குச் சொன்னான், காட்டவில்லை. திரைப் பட்டியலில் ‘ஜன்னல்’ என்பதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். கணினியை அணைத்து எழுப்பினான். கால் தானாக ஆடியது, மேசை ஆடியது, பர்வினின் கோடு கோணலானது.

“கால நிறுத்துங்க பரிதி. முந்தாநேத்து கதவு ஜன்னல்லாம் தெரிஞ்சுச்சுல்ல? நேத்து என்ன மாத்துனீங்க?”

“பேஸ்மட்டத்த அஞ்சடி ஒசத்தச் சொன்னாரு. ரோடு மேல ரோடு போட்டு, மழை பேஞ்சா தண்ணியெல்லாம் வீட்டுக்குள்ள வருதாம். ஒசத்துனேன், அவ்வளவுதான்.”

“அப்ப ஒரு தாள்ல குறுக்குவெட்டா வரைஞ்சு பாருங்க.”

“தாள்லயா? பனையோலை கிடைக்கலையா?”

அவள் டீ குடிக்கக் கீழே போனாள். போன் அதிர்ந்தது.

“தம்பி, இதோ உக்காந்துட்டேன்” என்றார் லியாகத் அலி.

பரிதி எழுந்து கதவைச் சாத்தினான். பர்வினின் பென்சிலை எடுத்தான். ஒரு கோடு: ரோடு. அஞ்சடி மேலே இன்னொன்று: வீட்டுத் தரை. அதற்கும் மேலே கதவு, ஜன்னல். பிளான் என்பது வீட்டை இடுப்புயரத்தில் அறுத்து மேலிருந்து பார்ப்பது. இவனுடைய கத்தி இன்னும் ரோட்டிலிருந்து நாலடியில் நின்று, வெறும் பேஸ்மட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

வெட்டும் உயரத்தை ஒன்பதடியாக்கினான். கதவும் ஜன்னல்களும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

லியாகத் அலி திரையில் தோன்றி, பிளானை அறை அறையாகப் பார்த்தார்.

“நம்ம துபாய் ஆளுங்களே தரைய ஒசத்துனா படத்தக் குழப்பிடுறாங்க தம்பி. நீங்க எப்புடிச் சரி பண்ணுறீங்க?”

“எல்லாம் சாஃப்ட்வேர்தாங்க.”

“சரி, பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்க.”

பரிதி பாஸ்போர்ட்டையே எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்துவிட்டான்.

பர்வின் திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது, அவன் குப்பைக்கூடைமேல் குனிந்து, மழுங்கிய முனையைச் சீவிக்கொண்டிருந்தான்.