நாற்பத்தொன்றிலேயே நின்றவன்

எங்கள் குடும்பத்தில் ஒரு வியாதி உண்டு. எண் ஒன்றைக் கண்டால் அதை ஏற்றாமல் விட மாட்டோம். ரிப்போர்ட் கார்டில் தொண்ணூற்றெட்டு இருந்தால், மீதி இரண்டு எங்கே போனது என்றுதான் எங்கள் அப்பா நவரட்ணம் கேட்பார். நான் ரோகினி, மலேசியாவில் அலோர் காஜாவில் கணக்கு டீச்சர். அதே கேள்வியை இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளிடம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

என் தம்பி அஜந்தன் மட்டும் வேறு மாதிரி. முப்பத்தெட்டு வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. என்னுடையதில் ஒன்றைத் தரலாம் என்று போனேன். உனக்கிருக்கும் சர்க்கரைக்கு அது ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாற்று சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு வருடமாக, வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்காமல் விரல்களை மட்டும் ஆட்டி, கையடக்க மெஷினில் கேம் ஆடுவான்.

கேமில் ஒரு பெரிய நாடு. காடு, கடல், கோட்டை, எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவனுடைய ஆள் ஒரு படகுக்காரி. சண்டையில் ஜெயித்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், ஏற ஏறப் புதுத் திறமை வரும். இவனோ நாற்பத்தொன்றிலேயே நின்றான். எதிரியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவான், மீன் பிடிப்பான், மலையில் ஏறி வேடிக்கை பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக ஒரே வகுப்பிலா உட்கார்ந்திருப்பது?

ஒருநாள் கேட்டேவிட்டேன். அறுபதோடு சரி, அதற்கு மேல் ஏறாதபடி செய்து வைத்திருக்கிறார்கள் என்றான். அது வந்துவிட்டால் யாரை அடித்தாலும் புள்ளி ஏறாது, நாடு அப்படியே இருக்கும், ஆனால் போவதற்கு ஒரு காரணம் இருக்காது. அதனால் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறானாம். கிட்னி கிடைக்கிற வரைக்கும் தாங்க வேண்டுமே என்று சிரித்தான். நான் அப்போது சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பள்ளி விடுமுறையில் அவனுக்குக் கிருமித் தொற்று கண்டு, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பாதி நினைவோடு கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அவனுடைய கேம் மெஷினை எடுத்தேன். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் படகுக்காரியை நாற்பது தடவை சாகடித்திருப்பேன். பிறகு பிடிபட்டது. ஒரு பாலத்தில் ஓநாய்கள் திரும்பத் திரும்ப வரும். அங்கேயே நின்று வெட்டினேன். நாற்பத்தைந்து, ஐம்பது, பதினோராம் நாள் அறுபது. இடம் போதவில்லை என்று மெஷின் சொன்னதும் ஆட்டத்தை விட்ட இடங்களிலிருந்து தொடர அவன் பதிந்து வைத்திருந்த பழைய சேமிப்புகளையெல்லாம் அழித்து, வகுப்பு அலமாரி மாதிரி துப்புரவாக்கி வைத்தேன். கண் விழித்ததும் எப்படிச் சந்தோஷப்படுவான் என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

விழித்தான். காட்டினேன். திரையில் எதையோ தேடினான்.

"அக்கா, பழைய சேவ் இருக்கா?"

அழித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஓகே லா என்று மெஷினை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், தாள் திருத்திய நாளில் அவன் சொன்னது எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று பிற்பகலே டாக்டர் வந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, பட்டியலில் அவன் பெயரை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம் என்றார். இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ். நான் பக்கத்திலேயே இருந்தேன். அஜந்தன் மீன் பிடிக்கவில்லை, மலையேறவில்லை. இரண்டு வருடமாகப் போகாமல் விட்டிருந்த கடைசிக் கோட்டைக்கு நேரே போனான். அங்கிருந்த அரசன் மூன்றே அடியில் விழுந்தான். கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடி முடிந்தன. மெஷினை அணைத்து என்னிடம் கொடுத்தான்.

"முதல்லேருந்து ஆரம்பி தம்பி," என்றேன். "நான் தொடவே மாட்டேன், சத்தியமா."

"அதுக்கு ரெண்டு வருஷம் வேணும்கா. அவ்ளோ இருக்குன்னு எனக்குத் தோணல."

மெஷினைப் பையில் வைத்தேன். நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனாள். அவன் கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். டயாலிசிஸ் இயந்திரத்தின் திரையில் மீதி நேரம் மூன்று மணி பத்து நிமிடம் என்று இருந்தது. அந்த எண் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.