செம்புக் குடத்துத் தண்ணீர்

கல்லூரி ஆய்வகத்தில் கமலாத்தாள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து இமைகளை அழுத்திக்கொண்டாள். கஷாயத்தில் முளைக்கவிட்ட வெங்காய வேரில் ஆயிரம் செல்களை எண்ணியாயிற்று. நாற்பத்தொன்றில் குரோமோசோம் உடைந்திருந்தது.

வைத்தியர் பொங்கியண்ணன் கரு தங்குவதற்கென்று கொடுத்த கஷாயம் அது. அவள் அண்ணன் மனைவி சின்னத்தாயிக்கு இரண்டு கரு கலைந்துவிட்டது, இது மூன்றாவது. எழுபத்துநான்காம் வருஷத்து ஆடி பிறந்ததிலிருந்து காலையும் மாலையும் குடிக்கிறாள். வெங்காய வேரைக் கெடுப்பது வயிற்றுப் பிள்ளையையும் கெடுக்கலாம். இன்றே நிறுத்தச் சொல்லிவிட வேண்டியதுதான்.

முறைக்காக, வெறும் தண்ணீரில் முளைத்த வேரையும் பார்த்தாள். அதில் ஒன்றிரண்டு உடைந்திருந்தாலே அதிகம். முப்பத்தெட்டு இருந்தது.

திரும்ப எண்ணினாள். முப்பத்தெட்டேதான்.

"கருப்புசாமியண்ணா, வெங்காயத்துக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?"

ஆய்வக உதவியாளர் பெருமையாக வந்து நின்றார். "அந்தப் பாட்டில்ல இருக்கற வடிச்ச தண்ணியில உசுரே இல்லீங்க அம்மிணி. வெங்காயம் பாவமாட்ட கெடந்துச்சு. நம்மூட்டுச் செம்புக் குடத்துல ராவெல்லாம் வெச்ச தண்ணியக் கொண்டாந்தனுங்க. கஷாயத்துல கலக்கறதுக்கும் அதேதானுங்க, பத்துக்கும் ஊத்திப்போட்டேன், ஓரவஞ்சன வேண்டாமுன்னு."

"கொடத்தப் புளி போட்டுத் தேச்சீங்களா?"

"அதுக்கெங்கீங்க நேரம்? எங்கூட்டுக்காரி தண்ணி மொண்டு வெக்கறதே பெரும்பாடு."

செம்புக் களிம்பு வேரைக் கெடுக்கும். இனி கஷாயத்தின் மேலும் குற்றம் சொல்ல முடியாது, நல்லதென்றும் சொல்ல முடியாது. அவரைக் கடிந்துகொள்ள வாய் எழவில்லை. பத்து வெங்காயத்தையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

கோபாலபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சமையல்கட்டில் சின்னத்தாயி கஷாய டம்ளரோடு காத்திருந்தாள்.

"என்ன கண்ணு, உன்ற வெங்காயம் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலீங்க நங்கை. தண்ணி தப்பாப் போச்சு. மறுபடி வெக்கோணும். எட்டு நாளாகும்."

"அதுவரைக்கும் குடிக்கட்டுமா, வேண்டாமா?"

"எனக்குத் தெரியலீங்க."

"பி.எஸ்ஸி. படிச்ச உனக்கே தெரியலீன்னா நான் யாரப் போயி கேக்கறது?" சின்னத்தாயி சிரிக்கத்தான் பார்த்தாள். "மொத ரெண்டுக்கும் இந்தக் கஷாயந்தான் கண்ணு. அதனால போச்சா, அதையும் மீறிப் போச்சான்னு யாருக்குத் தெரியும்?"

இது கமலாத்தாளுக்குப் புதிய செய்தி. டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

வாசலிலிருந்து கமலாத்தாள் அம்மாவின் குரல் வந்தது. "சின்னத்தாயி, மருந்து குடிச்சாச்சா?"

சின்னத்தாயி கமலாத்தாளையே பார்த்தாள். வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பிள்ளைகள் பேர் கூப்பிடக்கூடக் குரல் எழும்பாத கமலாத்தாள், டம்ளரை வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஆச்சுங்கம்மா," என்றாள், உரக்கவே.

எட்டு நாள், காலையும் மாலையும். இன்னும் பதினைந்து தடவை சொல்ல வேண்டும். கூடையிலிருந்து ஒரே அளவாகப் பத்து வெங்காயம் பொறுக்க உட்கார்ந்தாள்.