ஒரு நூல் பிசகு

மேசை ரம்பத்தின் தொப்பி வழக்கம்போல ஜன்னல் விளிம்பில் மல்லாந்து கிடந்தது. அதற்குள் யாரோ பென்சில் சீவிப் போட்ட தூள். சுழலும் பிளேடை மூட வேண்டிய அந்தக் கவசத்துக்குப் பட்டறையில் ‘ஆபீசர் தொப்பி’ என்று பெயர். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும்தான் அது மெஷின் மேல் ஏறும்.

அவள் அங்கே மேற்பார்வையாளர். ரம்பத்தில் நிற்பவன் அவள் தம்பி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்; கைவேகத்தால் எல்லோருக்கும் ‘மின்னல்’. காலையில் அவன் அறுத்த பலகை எகிறி, அவன் விலாவை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த கதவில் குழி போட்டிருந்தது. அவன் சிரித்துவிட்டான். அவளால் முடியவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். சோதனைத் தாளில் ‘கவசம்: சரி’ என்று நான்கு வருஷமாகத் திங்கட்கிழமைதோறும் அவள் கையெழுத்து. கதவருகே போய் நின்று பார்த்தாள். குழி அவளுக்குக் கழுத்தளவு. அவனுக்கு நெஞ்சளவு.

“தொப்பியை ஏன்டா மாட்ட மாட்டேங்கிற?”

“மாட்டினா கட்டை சிக்குதுக்கா. தள்ளித் தள்ளியே தோள் கழண்டுடும். ஆபீசர் பதினோரு மணிக்குத்தானே? அப்ப மாட்டிக்கிறேன், மாப்பிள்ளை கணக்கா.”

சிக்குது. எத்தனை முறை கேட்ட சொல். ஏன் சிக்குது என்று ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். தொப்பியையும் அதைத் தாங்கும் பின்தகட்டையும் மாட்டச் சொன்னாள். அறுபட்ட மரம் திரும்ப நெருங்கிப் பிளேடைக் கவ்விவிடாமல் பிரித்து நிறுத்துவது அந்தத் தகடுதான். பிளேடை ஒட்டி இரும்பு ஸ்கேலை வைத்து நகர்த்தினாள். அது தகட்டின் விளிம்பில் இடித்து நின்றது.

“தகடு ஒரு நூல் விலகியிருக்கு. கட்டை இதுல இடிச்சுத்தான் சிக்குது.”

“ஒரு நூல்தானேக்கா.”

“அலமாரிக் கதவுல ஒரு நூல் பிசகினா சோறு இறங்காது உனக்கு. உன் உடம்புன்னா மட்டும் ‘தானே’வா?”

அவன் ஸ்பேனரை எடுத்து நீட்டினான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஆள் வர்ற நேரத்துல மெஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கே? தாள்ல ‘சரி’ போட்டு வை.”

வேலை போனால் தம்பிக்கும் சேர்த்துத்தான் போகும். அவள் பார்வை கதவுக்குப் போய்த் திரும்பியது. தாளில் ‘சரியில்லை’ என்று எழுதி அவரிடமே நீட்டினாள்.

“சரி பண்ணிட்டு ‘சரி’ போடுறேன் சார்.”

அவர் தாளைப் பார்த்தார். பிறகு குழியை. “சீக்கிரம் முடிங்க” என்று முனகிவிட்டு நகர்ந்தார்.

போல்ட்டைத் தளர்த்தி, மெல்லிய தகரத்தை இடையில் செருகி, இறுக்கி, மறுபடி ஸ்கேல். மூன்றாவது தடவை தகடு நூல் பிடித்தாற்போல் நின்றது. முக்கால் மணி நேர வேலை. தம்பி பிளக்கைச் செருகிப் பலகையைத் தள்ளினான். சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

“இவ்வளவுதானா? நாலு வருஷமா தொப்பியையில்ல திட்டிக்கிட்டிருந்தேன்.”

“நான் நாலு வருஷமா பொய்க் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடுற கை வேற, பிளேடுகிட்ட இருக்கிற கை வேற. அதான் எனக்கு உறைக்கலை.”

வாசலில் வண்டி வந்து நின்றது. “ஆபீசர் வந்துட்டார்க்கா, தொப்பியை…” என்று ஜன்னல் பக்கம் திரும்பியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். தொப்பி மெஷின் மேல்தான் இருந்தது.

“இனிமே அது ஆபீசர் வர்றதுக்கு இல்லைடா,” என்றாள். “நீ வீடு போய்ச் சேர்றதுக்கு.”